தேயத் தேய நிறம்

கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவரிடம் வசந்தகாலம் எப்போது வருகிறது என்று கேட்டால் சிரிப்பார். தை முடியும்வரை விடியலில் கரும்புத் தோட்டங்களின் மேல் பனி படுத்திருக்கும். மாசி பாதியில் போர்வை கால்மாட்டுக்குப் போகும். பங்குனியில் மின்விசிறியின் வேகம் கூடிவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. பழைய கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். சித்திரையில் கச்சிராயபாளையம் சாலையில் பகல் பதினோரு மணிக்கு நின்றவர் அந்தக் கணக்கு வேறு ஏதோ ஊருக்குப் போட்டது என்றே முடிவு செய்வார்.

இருந்தும் அந்தப் பருவம் இங்கே வரத்தான் செய்கிறது. வெயிலிலும் காற்றிலும் தேடினால் அகப்படாது. இறகில் தேட வேண்டும். தேன்சிட்டின் தொண்டையில், மடையானின் முதுகில், வாலாட்டியின் மோவாயில் அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வரும். பறவை பார்ப்பவர்களில் பல வகை உண்டு. புதிய இனங்களைத் தேடி ஊர் ஊராக அலைபவர்கள் உண்டு. நல்ல படம் ஒன்றுக்காக நாள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு ஒசத்தியாகத் தோன்றுவது மூன்றாவது வகை: பழகிய இடத்தில், பழகிய பறவையை, மாசி தொடங்கிச் சித்திரை முடிய விடாமல் பார்ப்பது. சங்கீதத்தில் ராக ஆலாபனை கேட்கிற காது மாதிரியான கண் அதற்கு வேண்டும். அவசரக்காரர்களுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை.

இதற்கு நான் சொல்லும் இடம் கோமுகி அணை. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் தாண்டினால், கல்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது. மலை ஓடைகள் கூடி வரும் கோமுகி ஆற்றை மறித்து, கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் விடக் கட்டிய அணை. 46 அடி உயரம். அணையை ஒட்டி ஒரு பூங்கா உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வருபவர்கள் புளிசாதப் பொட்டலம் பிரிக்கும் வகையான பூங்கா. பறவை பார்க்கிறவருக்கு அந்தப் பூங்காவின் அருமை வேறு. ஒரு பக்கம் மரநிழல், ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் வயல், எதிரே மலை என்று நான்கு விதமான வாழிடங்கள் ஒரே நடைக்குள் அடங்குகின்றன. மலை மேற்கில் இருப்பதால் காலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் விழும்; பார்க்கிற பறவையின் மேல் நேர் வெளிச்சம் பாயும். நிறத்தைப் பார்க்க வந்தவருக்கு இதைவிடப் பெரிய வசதி எது? எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் இருநோக்கி ஒன்று போதும். அதற்கு மேல் பெருக்கினால் கை நடுங்குவதுதான் பெரிதாகத் தெரியும்.

முதலில் தேன்சிட்டு. இங்கே சாதாரணமாகத் தென்படும் தேன்சிட்டுகள் இரண்டு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆண் வருடம் முழுக்க ஒரே உடுப்பில் இருக்கும். நமக்கு அது இப்போது உதவாது. ஊதாத் தேன்சிட்டுதான் நம் ஆள். ஐப்பசி, கார்த்திகையில் அதன் ஆணைப் பார்த்தால் பெண் என்றே நினைத்துவிடத் தோன்றும். மேலே மங்கிய பச்சைப் பழுப்பு, கீழே வெளிறிய மஞ்சள். தொண்டையிலிருந்து வயிறுவரை மை தொட்டு இழுத்தாற்போல் ஒரு கருங்கோடு மட்டும் அது ஆண் என்று சொல்லும். இனப்பெருக்கம் முடிந்ததும் பளபளப்பைக் கழற்றி வைத்துவிடும் பறவை இது. பனிக்காலம் தேயத் தேய அந்தக் கோட்டின் இரு கரைகளிலும் கறுப்புத் திட்டுகள் முளைக்கும். ஒரு வாரம் நெஞ்சில், அடுத்த வாரம் தோளில். நடுவில் ஒரு கட்டம் வரும். பாதி மஞ்சள், பாதி கறுப்பு, ஒழுங்கே இல்லாமல் ஒட்டுப்போட்ட சட்டையோடு அது செம்பருத்திப் பூவில் தலைகீழாகத் தொங்கும். புகைப்படக்காரர்கள் இந்தக் கட்டத்தை விரும்புவதில்லை; அழகு முழுமையாகட்டும் என்று விட்டுவிடுவார்கள். எனக்கென்னவோ இதுதான் அந்தப் பறவையின் மிகச் சிறந்த வாரம். முழுக் கறுப்பானபின் வெயில் பட்டால் நீலமும் ஊதாவும் மாறி மாறி மின்னும், உண்மைதான். ஆனால் அப்போது அது எல்லோருக்கும் தெரிகிற பறவை. ஒட்டுச்சட்டையில் இருக்கும்போது பார்த்தவருக்குத்தான் மாசி எந்தத் தேதியில் திரும்பியது என்று தெரியும்.

தேன்சிட்டு பழைய இறகை உதிர்த்துப் புதியதை முளைக்க வைக்கிறது. நிறம் மாற இன்னொரு வழியும் உண்டு. அது அதைவிட நுட்பம். சூறைக்குருவி, சோளப்பட்சி என்று நம் பக்கத்தில் சொல்லப்படும் ரோசா மைனாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். சோளமும் மக்காச்சோளமும் விளையும் சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு இவை மேகம் போலக் கூட்டமாக வரும். மழைக்காலம் முடிந்த கையோடு பார்த்தால் அழுக்குப் பழுப்பாக இருக்கும். எந்த ரோசா என்று கேட்கத் தோன்றும். அந்தப் பருவத்தில் முளைத்த புது இறகுகளின் நுனியெல்லாம் பழுப்புக் கரை. அந்தக் கரைக்கு அடியில்தான் இளஞ்சிவப்பும் கருமையும் ஒளிந்திருக்கின்றன. கிளையில் உரசி, இலையில் உரசி, காற்றில் அடிபட்டு, நான்கைந்து மாதத்தில் அந்த நுனிகள் தேய்ந்து உதிர்கின்றன. புதிதாக ஒரு இறகும் முளைக்காமலே பறவை சிவந்துவிடுகிறது. சிட்டுக்குருவி ஆணின் தொண்டைக் கறுப்பும் இதே முறையில்தான் வெளிவருகிறது. சாம்பல் நுனி தேய்ந்தால் அடியில் இருக்கும் கறுப்பு தெரியும். ஊருக்குள் குருவி இன்னும் மிச்சமிருக்கும் ஏதாவது ஒரு தெருவில், மளிகைக் கடை வாசலில் நின்றே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பயன்படுத்தப் பயன்படுத்த மெருகு கூடுகிற உடுப்பு என்று நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை.

சூறைக்குருவிகள் எந்த நாளில் மிக அழகாக இருக்கின்றனவோ அதற்கு அடுத்த சில நாள்களில் கிளம்பிவிடுகின்றன என்பதுதான் இதிலுள்ள சங்கடம். அவை கூடு கட்டுவது மத்திய ஆசியப் புல்வெளிகளில், பாறை இடுக்குகளிலும் கற்குவியல்களிலும். வெட்டுக்கிளி எங்கே பெருகுகிறதோ அங்கே கூட்டமாக இறங்கிக் குஞ்சு பொரிக்கும். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் வெட்டுக்கிளியை ஒடுக்குவதற்காகவே இவற்றுக்குக் கற்குவியல் அடுக்கிக் கூடு அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அது விருந்தாளி. இங்கே சோளக்கொல்லைக்காரரிடம் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கவண்கல் ஞாபகம்தான் அவருக்கு வரும்.

மற்ற குளிர்கால வரவுகளும் இப்படித்தான். மலை ஓடைகளில் கல்லுக்குக் கல் தாவும் சாம்பல் வாலாட்டிக்குப் பனிக்காலம் முழுக்க வெண்தொண்டை. பங்குனியில் ஆணின் தொண்டை கறுக்கத் தொடங்கும். நன்றாகக் கறுத்ததும் ஓடை காலி. சேற்று வயலில் மங்கலாகத் திரிந்த மஞ்சள் வாலாட்டி எலுமிச்சை நிறத்துக்கு வரும், பிறகு காணோம். ஏரிகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் நீலச்சிறகி வாத்தின் ஆணுக்கு மாசி வாக்கில்தான் அந்த வெள்ளைப் புருவம் துலங்கும். இத்தனை மாதம் நம் சோளத்தையும் நம் பூச்சியையும் தின்று உடம்பைத் தேற்றியாயிற்று. அலங்காரம் இங்கே, கல்யாணம் அங்கே.

ஆங்கிலேயர்களின் வசந்தம் இதற்கு நேர் எதிர். ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரலில் திரும்பும் குயிலின் முதல் கூவலைக் கேட்டதாக லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதுவது அங்கே ஒரு வழக்கமாகவே இருந்தது. வருவதைக் கொண்டாடுகிற வசந்தம் அது. பறவைப் புத்தகங்களை அவர்களிடமிருந்து பெற்ற நாமும் வரவையே எதிர்பார்த்து நின்றுவிட்டோம். நமக்கு வரவு புரட்டாசி, ஐப்பசியில் முடிந்துபோகிறது. பங்குனி நமக்கு வழியனுப்பும் மாதம். நம் குயில் எங்கும் போகவில்லை, எங்கிருந்தும் வரவுமில்லை. மார்கழியிலும் இங்கேதான் சத்தம் காட்டாமல் பழம் தின்றுகொண்டிருந்தது.

சத்தத்துக்கு வந்துவிட்டோம். இந்த மாற்றத்தைக் கண்ணுக்கு முன் காது பிடித்துவிடும். அணைப் பூங்காவில் மட்டுமல்ல, ஊரில் கொல்லைப்புறம் உள்ள எந்த வீட்டிலும் குண்டுகரிச்சான் இருக்கும். குளிர்காலத்தில் அதன் சத்தம் கரகரவென்று ஒரு அதட்டல், அவ்வளவுதான். தை கடைசியில் புதருக்குள்ளிருந்து யாரோ வாய்க்குள் முணுமுணுப்பது போலக் கேட்கும். அலகு திறந்திருக்காது, பாட்டு அரைகுறையாக வரும், நடுவில் அறுந்துபோகும். இதைச் சாதகம் என்றே சொல்லலாம். ஒரு வாரம் கழித்து அது புதரைவிட்டு வெளியேறித் தாழ்ந்த கிளைக்கு வரும். மாசி கடைசியில் விளக்குக் கம்பத்தின் உச்சி. விடியற்காலை ஐந்துக்கே தொடங்கி, ஒரு வரியைப் பாடி, நிறுத்தி, அதையே திருகி இன்னொரு விதமாகப் பாடும். பக்கத்து எல்லையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னால் கச்சேரி களைகட்டும். குயிலைப் பற்றி நம்மவர்கள் எழுதித் தீர்த்ததில் பத்தில் ஒரு பங்கை இதற்கு எழுதியிருக்கலாம். குயிலுக்கு இருப்பது ஒரே சங்கதி, அதை ஏற்றிக்கொண்டே போகும்; கற்பனை என்று பார்த்தால் குண்டுகரிச்சான் எங்கேயோ நிற்கிறது.

செம்மார்புக் குக்குறுவானின் ‘டொக்... டொக்...’ இந்த நாள்களில்தான் மீண்டும் தொடங்கும். செம்பு தட்டுவது போன்ற அந்த ஒலியை வைத்து ஆளைத் தேடுவது ஒரு விளையாட்டு. அலகை மூடிக்கொண்டே தொண்டையை உப்பவைத்து ஒலி எழுப்பும். தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் ஒலி இடம் மாறுவது போல ஏமாற்றும். பட்ட கிளையின் நுனியைப் பாருங்கள், கிடைக்கும்.

கோமுகியில் பார்த்ததை அப்படியே மலைமேல் ஏற்றிப் பார்ப்பது அடுத்த படி. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் கொண்டை ஊசி வளைவுச் சாலையில் ஏறினால் குளிர் கொஞ்சம் திரும்பி வரும். கல்வராயன் பெரிய உயரமில்லை. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. ஆனாலும் அடிவாரத்தில் மாசி முடிந்திருக்க, மலைமேல் உள்ள கரியாலூரில் இன்னும் முடியாமல் இருக்கும். கரியாலூரில் படகுக் குழாமும் பூங்காவும் இருக்கின்றன. கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முந்தைய வாரங்கள்தான் நமக்கு. கீழே தேன்சிட்டு கறுத்துவிட்டதா? மேலே போனால் விட்ட கட்டம் இன்னொரு முறை கிடைத்தாலும் கிடைக்கும்.

மலையில் இந்தப் பருவத்தின் மேடை முள்ளிலவு. காடு இலையுதிர் காடு. மாசியில் சருகு காலடியில் நொறுங்கும், மரங்கள் எலும்பாக நிற்கும். அந்த நிர்வாணத்தில் முள்ளிலவு இலை ஒன்றும் இல்லாமல் கை நிறையச் சிவப்புப் பூவோடு நிற்கும். பாறைச் சரிவுகளில் மஞ்சள் கோங்கு, வெட்டவெளிகளில் புரசு. மூன்றும் இலையை உதிர்த்துவிட்டுப் பூப்பவை. இலை மறைக்காததால் தேன் தேடி வருகிறவர்களுக்குப் பூ தூரத்திலேயே தெரிகிறது. பார்க்கிறவருக்கும் அதே லாபம். ஊர் ஊராகச் சுற்றுவதைவிட ஒரு முள்ளிலவைத் தேர்ந்து, வெயில் ஏறும் முன் அதன் அடியிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிடுவது மேல். ஒரே மரத்தில் மைனா, சூறைக்குருவி, காகம், கரிச்சான், மாங்குயில், கொண்டைக்குருவி, அணில் என்று வந்து போகும். பூ கிண்ணம் மாதிரிக் குழிந்து தேன் தேங்கி நிற்பதால் தலையை உள்ளே விடாமல் குடிக்க முடியாது. வெளியே எடுக்கும்போது நெற்றியெல்லாம் மகரந்தம். கரிச்சானுக்குத் தேனைவிடத் தேனுக்கு வரும் பூச்சிதான் நோக்கம். அதற்குப் பிடிக்காதவர்களை விரட்டுவதும் இன்னொரு நோக்கம். மாங்குயில் சண்டைக்குப் போகாது. கரிச்சான் அசந்த நேரம் பார்த்துக் கிளையின் அடிப்பக்கமாக வந்து குடித்துவிட்டுப் போகும். பூவிதழ் பொத்தென்று விழும்போதெல்லாம் மேலே யாரோ பந்தியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த வாரங்களில் மலைக் கிராமங்களில் புளி உலுக்குவார்கள். கல்வராயன் மலைக்குப் பேர்போன கடுக்காயும் காய்ந்து களத்தில் கிடக்கும். மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சில் எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பூவுக்குத் தேனீ இறங்கும் என்பதெல்லாம் பஞ்சாங்கம் பார்க்காமல் வந்து விழும். இலுப்பை பூக்கத் தொடங்கிவிட்டதா என்று அவர்களிடம் கேட்டுக்கொண்ட பிறகே விடியற்காலையில் காட்டுப்பாதைப் பக்கம் போவது நல்லது. உதிர்ந்த இலுப்பைப் பூவின் இனிப்புக்குக் கரடி அடிமை.

மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1950 முதல் 1996இல் இறக்கும்வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதினார். யானையைப் பற்றி அவர் எழுதியது எவ்வளவு மதிக்கத்தக்கதோ, வீட்டு ஓரத்துக் காகத்தையும் அணிலையும் பற்றி எழுதியதும் அவ்வளவு மதிக்கத்தக்கது. அரியதைத் தேடிப் போவதைவிட, கிட்டத்தில் இருப்பதை அலுக்காமல் பார்ப்பது கடினமான வித்தை என்று அவருடைய பத்திகளைப் படித்தால் புரியும்.

அந்த வித்தையிலும் கடினமான பகுதி ஒன்று உண்டு: கடைசி நாளைக் கண்டுபிடிப்பது. ஐப்பசியில் முதல் வாலாட்டி வந்தால் அன்றே தெரியும், அன்றே எழுதலாம். கடைசி வாலாட்டி அப்படியில்லை. பார்க்கிற நாளில் அது கடைசி என்று தெரியாது. மறுநாள் இல்லை, சரி, வேறு ஓடைக்குப் போயிருக்கும். அடுத்த வாரமும் இல்லை. அதற்குப் பிறகுதான், போன வாரத்துக்கு முந்தின வாரம் பார்த்தோமே, அதுதான் கடைசி என்று தேதி முடிவாகும். வரவுக்குச் சாட்சி பறவை. போக்குக்குச் சாட்சி நாம் வெறுமனே நின்றுவிட்டு வந்த காலைகள். 2007இல் தொடங்கிய ‘மைக்ரன்ட்வாட்ச்’ என்ற நாடு தழுவிய முயற்சிகூட முதல் வரவைக் குறிக்கச் சொல்லித்தான் தொடங்கியது. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் கணக்கெடுக்கிறார்கள். குளிர்கால வரவுகள் நிறைந்திருக்கும் நேரம் அது; நல்ல ஏற்பாடு. பங்குனி உத்திரத்தையொட்டி இன்னொரு கணக்கெடுப்பு வைத்தால் என்ன என்று எனக்கு ஒரு ஆசை. அதில் பூஜ்யங்களுக்குத்தான் மதிப்பு. ‘இ-பேர்ட்’ தளத்தில் பார்த்த எல்லா இனங்களையும் விடாமல் பதிந்தேன் என்று குறிப்பிட ஒரு வசதி இருக்கிறது. அதைச் செய்தால் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவல் ஆகிவிடும்.

கிளம்புகிறவர்களில் கடைசி வரிசையில் நிற்பது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கப் புதர் நிழலில் சருகைப் புரட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்குமாக அது கொடுக்கும் இரட்டைச் சீட்டிதான் அதன் விலாசம். தென்மேற்குப் பருவமழையோடு மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் கூடு கட்டுகிற பறவை இது. ஆகவே மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும், அவசரமில்லை. சித்திரையில் புறப்படும் நாள் நெருங்க நெருங்கச் சீட்டி கூடும். அந்தச் சமயத்தில் நாணல் கதிர்க்குருவியும் தன் ‘சக் சக்’கை விட்டுவிட்டு முள்வேலிக்குள் மற்ற பறவைகளின் குரல்களையெல்லாம் கோத்து மெல்லப் பாடிப் பார்க்கும். இந்த இரண்டையும் ஒரே மாலையில் கேட்கக் கிடைத்தால் அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் தேட வேண்டாம்.

போகிறவர்கள் போக, இருப்பவர்களின் வேலை அதே வாரங்களில் சூடுபிடிக்கிறது. அணையில் நீர் இறங்க இறங்கக் கரையோரம் சேறு விரியும். சேற்றில் மண்ணோடு மண்ணாக நின்ற மடையானின் முதுகு செங்கரும் சாந்து நிறத்துக்கு மாறியிருக்கும். பின்தலையில் நீண்ட கொண்டை இறகுகள் தொங்கும். உண்ணிக்கொக்கின் தலை காவி கட்டிக்கொள்ளும். மண் சரிந்த கரைகளில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டும். கால்களால் மண்ணைப் பின்னுக்கு வீசும்போது துளையிலிருந்து புழுதி பீச்சியடிப்பது தெரியும். மேடான கூழாங்கல் பரப்பில் ஆள்காட்டி முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. நான்கு முட்டைகள், நான்கும் கல். பகல் வெயிலில் அது அடைகாப்பது சூடு கொடுக்கவல்ல, சூட்டைத் தடுக்க. தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவதைப் பொறுமையிருந்தால் பார்க்கலாம்.

அந்தப் பொறுமை தூரத்திலிருந்து வேண்டும். ஆள்காட்டி கூச்சல் போட்டுக்கொண்டு தலைக்குமேல் சுற்ற ஆரம்பித்தால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். முட்டை காலடியில் இருக்கலாம். நின்ற இடத்திலேயே திரும்பி, வந்த தடத்திலேயே காலை வைத்துக் கரைமேல் ஏறிவிடுங்கள். பஞ்சுருட்டானின் வளைகளுக்கு எதிரே நல்ல நிழல் இருக்கிறது. எட்டரை மணிவரை அங்கே தாராளமாக உட்காரலாம். அதற்குமேல் பங்குனி வெயில் விடாது.